சூட்டோடு சூடாக வைக்கக் கூடாது: வெல்டிங் ஆர்க்கில் பொருள் கட்டிய கதை

3-டி பிரிண்டிங்னு சொன்னதும் நம்ம ஆளுங்களுக்கு மனசில் வருவது மேசை மேல உட்கார்ந்து பிளாஸ்டிக் பொம்மை போடுற சின்ன மெஷின். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் லேசர், உலோகத்தூள் என்று பேசுவார்கள். தெருமுனை வெல்டிங் பட்டறையில் பளிச் பளிச்சென்று அடிக்கிற அதே ஆர்க், அதே மாதிரி ஒரு கம்பிச் சுருள், இதை வைத்து அடுக்கு மேல அடுக்கு வைத்து ஆளுயர உலோகப் பொருளைக் கட்டுகிறார்கள் என்றால் பாதிப் பேர் "சும்மா கதை விடாதே"ம்பாங்க. அந்த யோசனைக்கு நூறு வயசு தாண்டியாச்சு என்று சொன்னால் மீதிப் பேரும் எழுந்து போயிடுவாங்க.

கதை இல்லைங்க, நிஜம். நூறு வருஷமா யோசனை கையில் இருந்தும் ஏன் இவ்வளவு நாள் இழுத்தது என்பதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன். கம்ப்யூட்டர் இல்லை, ரோபோ இல்லை என்று காரணம் சொல்லலாம். அதெல்லாம் பாதிதான். மீதிப் பாதி சூடு. உலோகத்தை உருக்குவது சுலபம். உருக்கின பிறகு அந்தச் சூட்டை எங்கே அனுப்புவது என்பதுதான் தலைவலி.

கேட் பண்ணுகிற பட்டறையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். சட்டத்தை ஒரே பக்கமா வரிசையா வெல்டு வைத்துக்கொண்டு போக மாட்டாங்க. முதலில் நாலு மூலையிலும் டேக் அடிப்பாங்க. அப்புறம் இந்த மூலையில் கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம். ஏன்ணே என்று கேட்டால் "இல்லைன்னா இழுத்துரும் தம்பி" என்று ஒரே வரியில் பதில் வரும். அந்த "இழுத்துரும்" என்ற ஒரு சொல்லுக்குள்தான் இந்தப் பதிவு முழுக்க இருக்கு. உருகின உலோகம் ஆறும்போது சுருங்கும். பக்கத்தில் இருக்கிற குளிர்ந்த உலோகம் அதைச் சுருங்க விடாது. இரண்டுக்கும் நடக்கிற கயிறிழுப்பில் ஒன்று பொருள் வளையும், இல்லை வளையாமல் உள்ளுக்குள்ளேயே இழுவிசையை வைத்துக்கொண்டு கமுக்கமா இருக்கும். இரண்டாவதுதான் ஆபத்து.

ஆர்க் வெல்டிங்கின் ஆரம்ப வரலாற்றை வேகமா தாண்டிடறேன். ரஷ்யாவில் பெனார்டோஸ் 1880களில் கார்பன் குச்சியால் ஆர்க் உண்டாக்கி உலோகத்தை ஒட்டினார். 1888-ல் ஸ்லாவியானோவ் கார்பனைத் தூக்கிப் போட்டுவிட்டு, உருகி விழுகிற உலோகக் குச்சியையே மின்முனையாக வைத்தார். ஸ்வீடனில் ஷெல்பெர்க் 1904-ல் அந்தக் குச்சிக்கு மேல்பூச்சு கொடுத்தார். நம்ம பட்டறையில் இருக்கிற ராடு அவருடைய வாரிசுதான்.

இப்போ நம்ம ஹீரோவுக்கு வருவோம். அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் ரால்ஃப் பேக்கர் என்று ஒருவர். 1920-ல் ஒரு காப்புரிமை விண்ணப்பம் போடுகிறார், 1925-ல் கிடைக்கிறது. தலைப்பு 'அலங்காரப் பொருட்கள் செய்யும் முறை'. ஆர்க்கில் உருகும் உலோகத்தை ஒரு வரி வைத்து, அதன் மேல் இன்னொரு வரி, அதன் மேல் இன்னொன்று என்று வைத்துக்கொண்டே போய்ப் பாத்திரம் மாதிரியான பொருளை எழுப்பலாம் என்கிறார். நம்ம ஊர் வேளார் மண்திரியைச் சுற்றிச் சுற்றி வைத்துப் பானை எழுப்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். இன்றைக்கு 'வாம்' என்று ஸ்டைலா பெயர் வைத்திருக்கும் தொழில்நுட்பத்தின் அடிப்படை மொத்தமும் அதில் இருக்கு. மனுஷன் அதை வைத்து அலங்காரப் பொருள் செய்யலாம் என்றதோடு நிறுத்திக்கொண்டார் பாருங்க, அங்கேதான் விஷயம். பூச்சாடி கொஞ்சம் வளைந்தால் அதுவும் ஒரு அழகு. எந்திர பாகம் வளைந்தால் குப்பை.

அடுத்த இருபது வருஷத்தில் வெல்டிங் பாலத்துக்கும் கப்பலுக்கும் போனது. சூட்டைக் கணக்கில் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று உலகம் பாடம் படித்தது அங்கேதான்.

பெல்ஜியத்தில் ஆல்பர்ட் கால்வாய் மேல ஹாசெல்ட் என்ற ஊரில் முழுக்க வெல்டு பண்ணிய எஃகுப் பாலம். 1938 மார்ச் 14-ந்தேதி காலை பெரிய சத்தத்தோடு கீழ்ச்சட்டத்தில் விரிசல் விட்டு, சில நிமிஷங்களில் பாலம் உடைந்து கால்வாய்க்குள் விழுந்தது. பாலத்துக்கு வயசு ஒரு சில வருஷம்கூட இல்லை. மேலே பெரிய பாரமும் இல்லை. 1940 ஜனவரி குளிரில் பெல்ஜியத்திலேயே இன்னும் இரண்டு வெல்டு பாலங்களில் விரிசல்.

அடுத்தது ஸ்கெனெக்டடி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கட்டின எண்ணெய்க் கப்பல். 1943 ஜனவரி 16 இரவு, கடல் சோதனை எல்லாம் முடிந்து, கட்டின இடத்திலேயே அமைதியான தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. புயல் இல்லை, டார்ப்பிடோ இல்லை. திடீரென்று வெடிச்சத்தம். கப்பல் நடுவில் இரண்டாகப் பிளந்து, அடித்தகடு மட்டும் பிடித்துக்கொள்ள, முன்பக்கமும் பின்பக்கமும் தண்ணீரில் இறங்கி நடுப்பகுதி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அந்தப் போட்டோவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டாங்க, பென்சிலை ஒடித்துப் போட்ட மாதிரி இருக்கும்.

உடனே பழி வெல்டிங் மேல விழுந்தது. கொஞ்சம் நியாயம், கொஞ்சம் அநியாயம். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற உலோகவியலாளர் (அந்தக் காலத்தில் இந்தத் துறையில் ஒரு பெண், அதுவே தனிப் பதிவு எழுத வேண்டிய சமாச்சாரம்) போர்க்கால லிபர்ட்டி கப்பல்களின் முறிவுகளை ஆராய்ந்தார். அந்த எஃகு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணத்துக்கு மாறிவிடுகிறது என்று காட்டினார். ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டு கப்பலோ ஒரே துண்டு, விரிசலுக்கு ராஜபாட்டை. வெல்டிங் சூடு விட்டுவிட்டுப் போன உள் இழுவிசை அந்த விரிசலுக்குத் தீனி போட்டது.

இதை ஏன் இவ்வளவு நீட்டி முழக்குறேன் என்றால், கப்பலில் வெல்டு என்பது தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு கோடுதான். ஆர்க்கால் அடுக்கி எழுப்பும் பொருளில் கோட்டைத் தவிர வேறு எதுவுமே இல்லை. அத்தனையும் வெல்டு. ஒரு கோட்டுக்கே கப்பல் இரண்டாச்சு என்றால் முந்நூறு கோட்டை ஒன்று மேல ஒன்று வைத்தால்? பொறியாளர்கள் பல பத்தாண்டுகள் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காததில் ஆச்சரியமே இல்லை.

அதே காலத்தில் இன்னொரு பக்கம் காகிதத்தில் ஒரு வேலை நடந்தது. டேனியல் ரோசென்தால் என்பவர் 1941-ல் வெல்டிங் வெப்பம் தகட்டில் எப்படிப் பரவுகிறது என்பதற்குக் கணித வழி ஒன்றை வெளியிட்டார், 1946-ல் அதை இன்னும் விரிவாக எழுதினார். யோசனை அழகானது. படகில் போகிறவருக்கு, படகு நகர்ந்துகொண்டே இருந்தாலும், அதன் பின்னால் விரியும் அலைக்கோலம் மாறாமல் அப்படியே இருக்கிற மாதிரி தெரியும் இல்லையா? அதேபோல ஆர்க்கோடு நாமும் நகர்ந்தால் நம்மைச் சுற்றி இருக்கும் வெப்பக்கோலம் மாறாது. அதைச் சமன்பாடாக எழுதிவிடலாம். ஒரே குறை, வெப்பம் ஒரு புள்ளியில் விழுவதாக அவர் வைத்துக்கொண்டதால் அந்தப் புள்ளியில் வெப்பநிலை முடிவிலிக்குப் போய்விடும். கனடாவில் ஜான் கோல்டாக்கும் கூட்டாளிகளும் 1984-ல் புள்ளிக்குப் பதில் முன்பக்கம் ஒரு மாதிரி, பின்பக்கம் ஒரு மாதிரி இருக்கும் முட்டை வடிவ வெப்ப மூலத்தைக் கொடுத்தார்கள். இன்றைக்கும் வெல்டிங்கைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவர்கள் அந்த முட்டையைத்தான் உடைக்கிறார்கள். :-)

ரொம்ப டெக்னிக்கலா போகுதோ? சரி, அடுப்படிக்கு வாங்க.

தோசைக்கல்லை யோசியுங்கள். முதல் தோசை ஒட்டும், கல் இன்னும் காயலை. நாலாவது ஐந்தாவது தோசை சூப்பர். அப்படியே விடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் கல் அதிகமாகக் காய்ந்து, மாவு பரவுவதற்குள் கருகும். அம்மா என்ன செய்வாங்க? அடுப்பைக் குறைப்பாங்க, இல்லை ஒரு கை தண்ணீர் தெளித்து 'சொய்ங்'. ஆர்க்கில் பொருள் கட்டுகிறவர்களின் மொத்த வித்தையும் இதுதான்.

20 வோல்ட், 150 ஆம்பியர் என்றால் ஆர்க் கொடுப்பது நொடிக்கு 3000 ஜூல். டார்ச் நொடிக்கு 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 600 ஜூல். முதல் அடுக்கு தடிமனான அடித்தகட்டின் மேல் விழுகிறது, தகடு மூன்று பக்கமும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது, உலோகம் சீக்கிரம் உறைகிறது. இருபதாவது அடுக்குக்கு வரும்போது சூடு இறங்க ஒரே வழி, கீழே இருக்கும் ஒல்லிச் சுவர். அதுவும் ஏற்கனவே சூடா இருக்கு. பக்கத்துக் காற்று எடுத்துக்கொண்டு போவது கொஞ்சம்தான். ஆர்க் அதே 600 ஜூலைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. விளைவு, உருகின குட்டை பெரிசாகிறது, வரி அகலமாகித் தட்டையாகிறது, ஓரத்தில் வழிகிறது. கீழே ஒல்லி, மேலே தொந்தி. கம்ப்யூட்டர் ஒரு அடுக்குக்கு 2 மில்லிமீட்டர் உயரம் என்று நினைத்து டார்ச்சை ஏற்றிக்கொண்டே போகும், பொருளோ அவ்வளவு உயர்ந்திருக்காது. கொஞ்ச நேரத்தில் டார்ச் அந்தரத்தில் நின்று பொறி கக்கும்.

இதற்கு முதல் மருந்து, ஒரு அடுக்கு வைத்துவிட்டுக் காத்திருப்பது. குறிப்பிட்ட வெப்பநிலைக்கு இறங்கின பிறகுதான் அடுத்தது. நம்ம ஊர் பழக்கப்படி எதையும் சூட்டோடு சூடா முடிச்சுடணும், இங்கே மட்டும் அது கூடாது. ஆனால் காத்திருப்புக்கு விலை உண்டு. 300 அடுக்கு, அடுக்குக்கு 5 நிமிஷம் என்று வைத்தாலே 1500 நிமிஷம், அதாவது 25 மணி நேரம் மெஷின் சும்மா நிற்கும். முதலாளி ஒத்துக்குவாரா?

இதில் ஒரு திருப்பம். 1970, 80களில் இந்த முறையை நிஜமாகவே பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் அணு உலைக்காரர்கள். ஜப்பானில் மிட்சுபிஷியைச் சேர்ந்த உஜீயே 1971-ல் அழுத்தக்கலனையே வெல்டிங்கால் கட்டும் முறையை முன்வைத்தார். ஜெர்மனியில் குஸ்மாலும் மற்றவர்களும் 1983-ல் எழுதின கட்டுரையில் வருவது மாங்கனீசு, மாலிப்டினம், நிக்கல் கலந்த எஃகில் 79 டன் எடைப் பொருள், மணிக்கு 80 கிலோ உலோகம் படிய வைத்தார்கள். தூளுக்கு அடியில் மறைந்து எரியும் ஆர்க் அது, ரோபோ கீபோ எதுவும் கிடையாது. பிரம்மாண்டமான உருளையை மெதுவாகச் சுற்ற விட்டு மேலே மேலே படிய வைப்பது.

அங்கே பயம் நேர் எதிர். அவ்வளவு தடிமனான எஃகு சட்டென்று ஆறினால் கடினமாகி, உள்ளே சிக்கின ஹைட்ரஜன் பல மணி நேரம் கழித்துக்கூட விரிசல் விட வைக்கும். அதனால் பொருளைச் சூடாகவே வைத்திருக்கணும், அதே சமயம் ஒரு அளவுக்கு மேல ஏறவும் விடக் கூடாது. மேல் வரம்பு, கீழ் வரம்பு இரண்டுக்கும் நடுவில் நடக்கணும். ஒழுங்கா நடந்தால் கூலியும் உண்டு. புது அடுக்கின் சூடு கீழ் அடுக்கை மறுபடி பதப்படுத்தி அதன் கரடுமுரடான படிகங்களை நுணுக்கிவிடும். சூடு எப்பவும் வில்லன் இல்லைங்க. அளவா வந்தால் அதுவே வைத்தியர்.

1990களில் கம்ப்யூட்டர் படத்திலிருந்து நேராகப் பொருள் எடுக்கும் மோகம் கிளம்பியபோது ஆர்க்குக்கு மறுபடி மவுசு வந்தது. நாட்டிங்ஹாமில் டிக்கென்ஸும் மற்றவர்களும் வெல்டிங் ரோபோவை வைத்துப் பொருள் எழுப்பினார்கள். கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் ரோல்ஸ் ராய்ஸுக்காக விமான எஞ்சின் உறைகளை இந்த வழியில் செய்து பார்த்தது. பொருள் வந்தது. வளைவும் கூடவே வந்தது.

என் பார்வையில் ஆட்டத்தை மாற்றியது, இதற்காகக் கண்டுபிடிக்கப்படாத ஒரு சமாச்சாரம். ஆஸ்திரியாவின் ஃப்ரோனியஸ் கம்பெனி 2004-ல் கொண்டுவந்த 'கோல்டு மெட்டல் டிரான்ஸ்ஃபர்'. அவங்க நோக்கம் கார் தொழிலுக்கான மெல்லிய தகடுகளை ஓட்டை விழாமல் ஒட்டுவது, அலுமினியத்தை எஃகோடு சேர்ப்பது. சாதாரண வெல்டிங்கில் கம்பி நுனி உருகின குட்டையைத் தொட்டதும் மின்னோட்டம் எகிறி, துளி வெடித்துச் சிதறும். இதில் கம்பி தொட்டதும் மின்னோட்டத்தை அடக்கி, கம்பியைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார்கள். துளி வெடிக்காமல் நழுவி உட்கார்ந்துகொள்ளும். திரும்ப முன்னால், திரும்பப் பின்னால், நொடிக்கு 70 தடவை! சங்கில் மருந்து எடுத்துக் குழந்தை வாயில் சொட்டுச் சொட்டா விடுகிற பக்குவம். பொருளுக்குள் இறங்கும் சூடு நல்லாக் குறைந்தது. அடுக்கிக் கட்டுகிறவர்கள் 'ஆகா, இதுதான்யா வேணும்' என்று பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள்.

கிரான்ஃபீல்டில் ஸ்டூவர்ட் வில்லியம்ஸ் குழு இன்னொரு பக்கம் போனது. டைட்டானியம் ஒரு அடம்பிடிக்கிற பிள்ளை. வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தாது, அதனால் சூடு தேங்கும். சூடான நிலையில் காற்றுப் பட்டால் ஆக்சிஜனைக் குடித்து நொறுங்கிப் போகும். போதாததற்கு படிகங்கள் அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து மேலே பனைமரம் மாதிரி நெட்டையாக வளரும், அதனால் ஒரு திசையில் ஒரு பலம், இன்னொரு திசையில் வேறு பலம். இவங்க செய்தது, ஒவ்வொரு அடுக்கு ஆறினதும் அதன் மேல் ஒரு உருளையை 50, 75 கிலோநியூட்டன் பாரத்தில் உருட்டியது. 75 கிலோநியூட்டன் என்றால் ஏழரை டன் எடை! உருட்டியதில் உள் இழுவிசை குறைந்தது. அடுத்த அடுக்கின் சூடு பட்டதும் நசுங்கின இடத்தில் புதுசா சின்னச் சின்ன படிகங்கள் முளைத்தன. ஆறின உலோகத்தை அடித்து நெகிழ்த்தி, பிறகு சூடு காட்டுவது, கொல்லனுக்கு எத்தனையோ காலமாகத் தெரிந்த வேலைதான்.

நம்ம நாட்டிலும் இந்த வேலை நடந்தது. ஐஐடி பம்பாயில் கருணாகரன் குழு ஏற்கனவே இருக்கும் சிஎன்சி மில்லிங் மெஷினிலேயே வெல்டிங் டார்ச்சை மாட்டி, ஒரு அடுக்கு வைப்பது, மேற்பரப்பைச் சீவிச் சமப்படுத்துவது, அடுத்த அடுக்கு என்று செய்து 2010-ல் கட்டுரை வெளியிட்டார்கள். குறைந்த செலவு என்பதைத் தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். ரோபோ வாங்கக் காசில்லாத ஊரில் இருக்கிற மெஷினுக்கே புதுக் கை வைத்து வேலை வாங்குவது, எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. சீவினால் அடுக்கின் உயரம் பிசகாது, டார்ச் அந்தரத்தில் நிற்கும் தொல்லை தீர்ந்தது.

அப்புறம் நடந்தது பேப்பரில் வந்த செய்தி. 2017-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் இயங்கும் ராம்லேப், டாமன் கப்பல் நிறுவனம் இவங்க எல்லாம் சேர்ந்து 1.35 மீட்டர் விட்டத்தில் ஒரு கப்பல் உந்தியை ஆர்க்கால் கட்டினாங்க. நிக்கல் அலுமினிய வெண்கலம், 298 அடுக்கு, சுமார் 400 கிலோ. பியூரோ வெரிட்டாஸ் சோதித்துச் சான்று கொடுத்தது. கப்பல் உலகில் அந்தச் சான்று சும்மா வராது. ஸ்கெனெக்டடிக்கு அப்புறம் வெல்டிங்கை எவ்வளவு சந்தேகத்தோடு பார்த்த துறை அது!

இன்னொன்று ஆம்ஸ்டர்டாம் பாலம். எம்எக்ஸ்3டி என்ற சின்ன நிறுவனம், யோரிஸ் லார்மன் வடிவமைப்பு. கால்வாய்க்கு மேலேயே ரோபோக்கள் முன்னால் முன்னால் வெல்டு வைத்தபடி நடந்து போய்ப் பாலம் கட்டும் என்று 2015-ல் படம் காட்டினார்கள். நடைமுறைக்கு ஒத்துவரவில்லை, பட்டறைக்குள்ளேயே கட்டினார்கள். முன்பு அவர்கள் வெறும் காற்றில் கோடு இழுத்துக் காட்டிய முறை எனக்கு ஆச்சரியம். ஒரு சொட்டு, ஆற விடு, அதன் மேல் இன்னொரு சொட்டு. சூடு தேங்க வாய்ப்பே தராத பொறுமை. சுமார் 12 மீட்டர் நீள எவர்சில்வர் பாலம் 2018-ல் வடிவம் பெற்றது. லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் பாரம் ஏற்றிச் சோதித்தார்கள். 2021 ஜூலை 15-ல் ராணி மாக்சிமா திறந்து வைத்தார். ஹாசெல்டில் விழுந்த பாலத்துக்குப் பக்கத்து நாட்டில், 83 வருஷம் கழித்து, முழுக்க முழுக்க வெல்டால் ஆன ஒரு பாலத்தில் ஜனங்கள் நடந்தார்கள். அதன் உடம்பு முழுக்க உணரிகள் பதித்து, எங்கே எவ்வளவு இழுக்கிறது என்று கண்காணித்துக்கொண்டே இருந்தார்கள். தற்காலிக அனுமதிதான், இரண்டு வருஷம் நின்றுவிட்டு 2023-ல் எடுத்துவிட்டார்கள்.

காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கிற முயற்சி தனியாக நடக்குது. ஆறும் அடுக்கின் மேல் குளிர்ந்த வாயுவை ஊதுகிறார்கள். பக்கவாட்டில் மின்சாரத்தால் குளிரும் தகடு வைத்துச் சூட்டை உறிஞ்சிப் பார்க்கிறார்கள். பிரேசிலின் உபர்லாண்டியாவில் ஒரு குழு பொருளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பொருள் வளர வளரத் தண்ணீர் மட்டத்தையும் ஏற்றிக்கொண்டே போனது. உருகும் மேல் விளிம்பு மட்டும் எப்பவும் தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே. அலுமினியத்தில் நன்றாக வேலை செய்தது. தண்ணீர் ரொம்பக் கிட்ட வந்தால் ஹைட்ரஜன் உள்ளே போய்க் குமிழி விடும், ரொம்பக் கீழே இருந்தால் குளிர்ச்சி பற்றாது. எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்பதுதான் வித்தை. அந்தத் தொட்டி படத்தைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது தோசைக்கல்லும் அந்த ஒரு கை தண்ணீரும்தான்.